மரமுந்திரிகைத் தோட்டத்தைப் பருவந்தோறும் பராமரித்தல்

இலங்கையின் உலர் வலயத்திலே, வேறு பயிர்கள் எளிதில் நிலைகொள்ளாத மணற்றறைகளிலும் சரளை நிலங்களிலும் நின்று பலன் தரும் மரங்களுள் மரமுந்திரிகை முதன்மையானது. கிராம மக்கள் பலர் இதனைக் கசு என்றே வழங்குவர். பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் 16ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயரால் கீழைத்தேயங்களுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று மட்டக்களப்பில் மாங்கேணி, வாகரைப் பக்கத்துக் கரையோர மணலிலும், மன்னாரிலும், புத்தளத்து வண்ணாத்திவில்லுப் பகுதியிலும், அம்பாறை, திருகோணமலை, வவுனியா முதலிய மாவட்டங்களிலும் இது பரந்து காணப்படுகின்றது.

நீரூற்றாமலும் உரமிடாமலும் இம்மரம் உயிர்பிழைத்து நிற்பது உண்மை. இவ்வுண்மையே இதற்குக் கேடாகவும் முடிந்துள்ளது. நட்டுவிட்டால் போதும், காய்க்கும் காலத்தில் கடகத்துடன் சென்று பொறுக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் கமக்காரரிடையே வேரூன்றியிருக்கின்றது. நெல்லுக்குப் பருவம் பார்ப்பவரும், வெங்காயத்துக்கு நாள் எண்ணித் தண்ணீர் விடுபவரும், மரமுந்திரிகைத் தோட்டத்துக்குள் பங்குனியில் நுழைந்தால் ஆனியில் வெளியேறி விடுகின்றனர். மிகுதி எட்டு மாதங்களுக்குத் தோட்டம் மாடுகளுக்கும் பற்றைக்கும் உரியதாகின்றது. ஆயினும் பங்குனியில் எவ்வளவு கொட்டை விழும் என்பது அந்த எட்டு மாதங்களிலேயே தீர்மானிக்கப்படுகின்றது.

இதனை விளங்கிக்கொள்வதற்கு மரம் பூக்கும் விதத்தை அறிதல் வேண்டும். பலாமரம் அடிமரத்திலும் காய்க்கும். மரமுந்திரிகை அவ்வாறன்று. அவ்வாண்டில் அரும்பிய புதுத்தளிரின் நுனியிலேயே அது பூங்கொத்தைத் தோற்றுவிக்கும். அதுவும் வெயில் நன்கு படும் வெளிப்புறக் கிளைகளில் மாத்திரமே. மரத்தின் உட்புறத்திலும் நிழலிலும் உள்ள கிளைகள் இலைகளைத் தாங்கி நிற்குமேயன்றிக் கொட்டை தருவதில்லை. வடகீழ் மழை பெய்யும் பகுதிகளில் கார்த்திகை, மார்கழியில் புதுத்தளிர் தோன்றும். தை, மாசியில் பூக்கும். பங்குனி முதல் ஆனி வரை கொட்டை விழும். மழையின் போக்கை ஒட்டி இக்காலம் இடத்துக்கிடம் சில வாரங்கள் முன்பின்னாகலாம். ஆகவே வெயில் படும் தளிர்கள் எத்தனை உண்டாயின, அவற்றுள் எத்தனை பூச்சிக்குத் தப்பின, அவற்றைத் தாங்கும் அடிமரம் நோயின்றி நிற்கின்றதா என்பவற்றையே கமக்காரர் ஆண்டு முழுவதும் கவனித்தல் வேண்டும்.

நெருங்கி நிற்கும் மரங்கள்

பழைய தோட்டங்களிற் பெரும்பாலானவை கொட்டையை நேரே நிலத்தில் ஊன்றி உண்டாக்கப்பட்டவை. முளைக்காதவற்றுக்கு ஈடாகக் கூடுதலாக ஊன்றுவதும், முளைத்தவற்றைப் பிடுங்க மனம் வராமல் விட்டுவிடுவதும் வழக்கம். இத்துடன் விழுந்து முளைத்த கன்றுகளும் சேரும். 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் ஆளின்றிக் கிடந்த தோட்டங்களில் இந்நிலை மேலும் மோசமாயிற்று. உரியவர்கள் திரும்பி வந்தபோது தோட்டமிருந்த இடத்தில் காடே நின்றது.

15 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 193 மரங்கள் நிற்கும். 25 அடியாயின் 70 மரங்கள். 30 அடியாயின் 48 மரங்கள் மாத்திரமே. எண்ணிக்கையைப் பார்ப்பவருக்கு 193 மரங்களே இலாபமாகத் தோன்றும். முதல் சில ஆண்டுகளுக்கு அது சரியே. ஆனால் ஏழெட்டு ஆண்டுகளில் கிளைகள் ஒன்றோடொன்று முட்டிவிடுகின்றன. தனித்து நிற்கும் மரம் குடை கவிழ்ந்தாற்போல நிலம்வரை தழைத்து, சுற்றுப்புறம் முழுவதும் பூக்கும். நெருக்கத்தில் நிற்கும் மரமோ ஒளியை நாடி மேலே நீண்டு, பக்கக்கிளைகள் பட்டு, உச்சியில் மாத்திரம் சிறிது பூக்கும். கூரைபோல் மூடிய அத்தோட்டத்தினுள் காற்றோட்டமும் குறைவு. பூக்காலத்தில் ஒரு மழை பெய்தால் பூங்கொத்து உலர நெடுநேரமாகிக் கருகிவிடும்.

ஆகவே சில மரங்களை வெட்டுதல் வேண்டும். இது சொல்வதற்கு எளிது. பாட்டனார் நட்ட மரத்தை, அதுவும் காய்க்கும் மரத்தை, கோடரியால் வெட்டுவதற்கு எந்தக் கமக்காரருக்கும் கை வருவதில்லை. அதற்கு ஒரு வழி உண்டு. எந்த மரத்தை வெட்டுவதென்று வெட்டும் நாளில் யோசித்தல் கூடாது. காய்க்கும் காலத்திலேயே தோட்டத்தைச் சுற்றிவந்து, கொட்டை குறைந்த மரங்களுக்கும், மிகச் சிறிய கொட்டை தரும் மரங்களுக்கும் அடிமரத்தில் சுண்ணாம்பினால் ஒரு கோடு இடுக. அடுத்த ஆண்டும் அவ்வாறே செய்க. இரண்டு கோடு பெற்ற மரமே வெட்டுதற்குரியது. கொட்டையிலிருந்து வளர்ந்த மரங்கள் தாயைப்போல் இருப்பதில்லை. ஒரே தோட்டத்தில், ஒரே மண்ணில், ஒரு மரம் சாக்குக்கணக்கிலும் பக்கத்து மரம் கைப்பிடிக்கணக்கிலும் காய்ப்பது இதனாலேயே. நற்பலன் தரும் மரத்தின் ஒளியையும் நீரையும் பகிர்ந்துகொண்டு நிற்கும் மலட்டு மரத்தை நீக்குவதனால் தோட்டத்தின் மொத்த விளைவு குறைவதில்லை. ஓரிரு ஆண்டுகளில், எஞ்சிய மரங்கள் பக்கங்களில் தழைத்ததும், அது கூடவே செய்யும். ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் வெட்டாமல் இரண்டு மூன்று ஆண்டுகளிற் படிப்படியாகக் குறைத்து, மரத்துக்கு மரம் 25 அல்லது 30 அடி வரும்படி செய்தல் நன்று.

இவ்வேலைக்கு உகந்த காலம் அறுவடை முடிந்த ஆனி, ஆடி மாதங்களாகும். நிற்கும் மரங்களிலும் பட்ட கொப்புகள், ஒன்றையொன்று உரசும் கிளைகள், அடிமரத்திலிருந்து நேராக மேலெழும் நீர்க்கிளைகள் ஆகியவற்றை அப்போதே நீக்கிவிடுக. கத்தியால் கொத்தாமல் வாளினால் அரிதல் வேண்டும். கொத்திய இடத்தில் பட்டை கிழிந்து பூச்சிக்கு வழிவிடும். அரிந்த வாய்களில் போர்டோப் பசை பூசுக. பச்சையாகவும் வெயில் படக்கூடியனவாகவும் உள்ள வெளிப்புறக் கிளைகளை வெட்டுதல் கூடாது. அழகுக்காக மரத்தின் சுற்றுக்குடையைக் கழித்துவிடுபவர் அடுத்த பலனையே கழித்துவிடுகின்றார்.

வெட்டியதனால் உண்டாகும் வெற்றிடத்திலும், மரங்கள் அழிந்துபோன இடங்களிலும், மாரி தொடங்கியதும் ஒட்டுக்கன்று நடுதல் வேண்டும். ஒட்டுக்கன்றுக்கும் நடுகை பற்றிய ஆலோசனைக்கும் 1973இல் நிறுவப்பட்ட இலங்கை மரமுந்திரிகைக் கூட்டுத்தாபனத்தை நாடலாம். நீளம், அகலம், ஆழம் யாவும் இரண்டடியாகக் குழி வெட்டி, மேல்மண்ணுடன் உக்கிய எரு கலந்து நிரப்பி நடுக. ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்றல் வேண்டும். ஒட்டுக்குக் கீழே அரும்பும் முளைகளைக் கண்டவுடன் கிள்ளிவிடுக. இல்லையேல் ஒட்டுக்கிளை பட்டு, காட்டுக்கிளை மரமாகும். அப்போது பணம் கொடுத்து வாங்கியது வெறும் விதைக்கன்றே ஆகும். ஒட்டுக்கன்று முதலிரண்டு ஆண்டுகளில் பூத்தால் அப்பூவைக் கிள்ளி எறிதல் வேண்டும்.

தண்டு துளைக்கும் வண்டு

மரமுந்திரிகைத் தோட்டத்துக்கு நேரும் இழப்புகளில் ஏனையவை ஓராண்டுப் பலனைக் குறைப்பவை. இவ்வண்டோ மரத்தையே கொன்றுவிடுவது. இருபது ஆண்டு வளர்ந்த மரம் ஒன்று சில மாதங்களில் காய்ந்து நிற்பதைக் கண்டு, வறட்சி என்றும், வேரில் நோய் என்றும், சிலர் கண்ணூறு என்றும் கூறுவதுண்டு. அடிமரத்தைக் குனிந்து பார்த்தவர்கள் காரணத்தை அறிவர்.

இவ்வண்டு செம்பழுப்பு நிறமானது. ஒரு அங்குலத்துக்கும் சற்று அதிகமான நீளமும், நீண்ட உணர்கொம்புகளும் உடையது. நிலத்திலிருந்து மூன்றடி உயரம் வரையுள்ள அடிமரத்தின் பட்டை வெடிப்புகளிலும், மண்ணுக்கு வெளியே தெரியும் வேர்களிலும் இது முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் வெண்ணிறப் புழு பட்டையைத் துளைத்து உட்சென்று, பட்டைக்கும் மரத்துக்கும் இடையேயுள்ள மென்மையான பகுதியைத் தின்றுகொண்டு வளைந்து வளைந்து செல்லும். இலைகள் ஆக்கிய உணவு வேருக்கு இறங்குவது இப்பகுதியினூடாகவே. புழு அரை ஆண்டுக்கும் மேலாக இவ்வாறு தின்று, ஏறக்குறைய மூன்று அங்குல நீளத்துக்கு வளர்ந்து, பின்னர் உள்மரத்திலோ வேரிலோ சுண்ணாம்பு போன்ற கூடொன்றை அமைத்து அதனுள் உறங்கி வண்டாக வெளிவரும். ஒரு மரத்தில் ஒரு புழு மாத்திரம் இருப்பது அரிது. பல புழுக்களின் வழிகள் சந்தித்து அடிமரத்தைச் சுற்றி வளைத்துவிடின் மரம் பிழைப்பதில்லை.

முதல் அறிகுறி அடிமரத்தில் தோன்றும் சிறு துளைகளும் அவற்றிலிருந்து வடியும் பிசினுமாகும். மரமுந்திரிகையில் காயம்பட்ட இடத்திலெல்லாம் பிசின் வடியும். ஆதலால் பிசினை மாத்திரம் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அப்பிசினில் மரத்தூளும் புழுவின் எச்சமும் கலந்திருக்கின்றனவா என்று விரலால் நசுக்கிப் பார்த்தல் வேண்டும். மரத்தின் அடியில் தூள் சிந்திக் கிடப்பினும் சந்தேகமில்லை. இந்நிலையில் மரத்தைக் காப்பாற்றலாம். அடுத்த நிலையில் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கும். அப்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது. மஞ்சளான மரத்துக்கு மருந்து தேடி அலைவதைவிட, பக்கத்து மரங்களின் அடியைப் பார்ப்பது பயனுடையது.

பரிகாரம் கடினமானதன்று. பொறுமை வேண்டும். துளை காணப்படும் இடத்தில் சிற்றுளியால் பட்டையை மெல்லத் திறந்து, புழு சென்ற வழியைப் பின்பற்றி, அதனைக் கம்பியினால் கிளறி எடுத்துக் கொன்றுவிடுக. நல்ல பட்டையை வீணே வெட்டுதல் கூடாது. புழு செய்யாத வளையத்தை உளி செய்துவிடக் கூடும். தூளையும் எச்சத்தையும் சுரண்டித் துப்புரவாக்கியபின், நூற்றுக்கு ஐந்து பங்கு வேப்பெண்ணெய் சவர்க்கார நீருடன் கலந்த கலவையை அவ்விடத்திலும், நிலத்திலிருந்து மூன்றடி வரையுள்ள அடிமரம் முழுவதிலும், வெளித்தெரியும் வேர்களிலும் பூசுக. ஒரு பங்கு தாரும் இரண்டு பங்கு மண்ணெண்ணெயும் கலந்து பூசுவதும் உண்டு. பூசிய பின்னர் வேர்களை மண்ணிட்டு மூடிவிடுதல் நன்று. இரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்கவேண்டும். புதிய தூள் காணப்படின் உள்ளே ஒரு புழு எஞ்சியிருக்கின்றது.

இவ்வளவும் செய்தபின்னரும் ஒரு தவறு யாவற்றையும் வீணாக்கிவிடும். பட்டுப்போன மரத்தை வெட்டி, விறகுக்காகத் தோட்டத்தின் மூலையில் அடுக்கி வைப்பதே அத்தவறு. வெட்டிய தடியினுள்ளும் புழு வளர்ச்சியை முடித்து வண்டாகும். அவ்வடுக்கைச் சுற்றியுள்ள மரங்களே அடுத்தடுத்துப் பட்டுப்போகும். பட்ட மரத்தை வேருடன் அகழ்ந்தெடுத்து, தடித்த அடிப்பகுதியையும் வேரையும் உடனே எரித்துவிடுதல் வேண்டும். நெருக்கத்தைக் குறைப்பதற்காக வெட்டிய மரங்களின் குற்றிகளுக்கும் இவ்விதியே பொருந்தும். வேலிக்கு அப்பாலுள்ள தோட்டம் கவனிப்பாரற்றுக் கிடந்தால், அத்தோட்டத்துக்காரருடன் பேசி இருவரும் ஒரே காலத்தில் இவ்வேலையைச் செய்வதே தக்கது. வண்டுக்கு உறுதியும் எல்லையும் தெரியாது.

அடிமரங்களை மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது. அது முடியாதவர்கள் ஆடியில் ஒருமுறையும், புரட்டாதியில் மாரிக்கு முன்னர் ஒருமுறையும், தையில் ஒருமுறையும் ஆயினும் பார்க்கவேண்டும். ஏக்கருக்கு 70 மரங்களாயின் ஒருவர் ஒரு காலைப்பொழுதில் பார்த்து முடிக்கலாம். வயது முதிர்ந்த மரங்களே அதிகம் தாக்கப்படுகின்றன.

கோடையும் மாரியும்

ஆடி, ஆவணி மாதங்களில் கச்சான் காற்று வீசும்போது தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் சருகு எளிதில் தீப்பற்றும். வழிப்போக்கர் எறியும் ஒரு பீடித்துண்டோ, அயற்காணியில் பற்றைக்கு இட்ட தீயோ போதும். ஆகையால் தோட்டத்தின் எல்லையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்குப் புல்லையும் சருகையும் முற்றாக நீக்கி வெறுந்தறையாக வைத்தல் வேண்டும். உள்ளே கிடக்கும் சருகைக் கூட்டித் தீயிடுவது தவறு. மணல்நிலத்துக்குக் கிடைக்கும் சேதனப் பொருள் அதுவேயாகும். அதனை மரத்தைச் சுற்றிப் பரப்பினால் ஈரத்தையும் காக்கும். எனினும் அடிமரத்தை ஒட்டிக் குவித்தல் கூடாது. துளை மறைந்துவிடும்.

எருவும் பசளையும் இடவேண்டிய காலம் புரட்டாதிக் கடைசியிலும் ஐப்பசியிலும் பெய்யும் முதல் மழையாகும். அவற்றை அடிமரத்தருகே கொட்டுவதனால் பயன் சிறிதே. உணவை உறிஞ்சும் நுண்வேர்கள் கிளைக்குடையின் ஓரம் வரை பரந்து, மேல்மண்ணிலேயே கிடக்கின்றன. அடிமரத்திலிருந்து நாலைந்தடி விட்டு, கிளைகளின் ஓரம் வரை, அரையடிக்கு மேற்படாத ஆழத்தில் வட்டமாகக் கொத்தி, வளர்ந்த மரமொன்றுக்கு நாலைந்து கடகம் உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு இட்டு மண்ணால் மூடுக. இரசாயனப் பசளையின் அளவு மண்ணுக்கும் மரத்தின் வயதுக்கும் ஏற்ப வேறுபடுமாதலால் அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிதல் வேண்டும். மணற்றறையில் அதனை ஒரே முறையில் இடாது இருமுறையாகப் பிரித்து, ஒரு பகுதியை மாரித் தொடக்கத்திலும் மறுபகுதியை மாரி தணியும்போதும் இடுக. அடைமழைக்கு முன்னர் மணலில் இட்ட பசளை கிணற்றுக்கே போய்ச் சேரும்.

சரிவான நிலமாயின் மரத்தின் மேற்பக்கத்தில் பிறைவடிவில் ஒரு வாய்க்கால் வெட்டி மழைநீரைத் தேக்குதல் நன்று. இளந்தோட்டங்களில் மரங்களுக்கிடையே நிலக்கடலை, கௌபி, பயறு முதலியவற்றைப் பெரும்போகத்தில் பயிரிடலாம். அவை களையை அடக்குவதோடு செலவின் ஒரு பகுதியையும் மீட்டுத் தரும். ஆடுகள் தளிரை மேய்வதால் இளங்கன்றுகளுக்கு வேலி இன்றியமையாதது.

தளிரும் பூவும்

கார்த்திகை, மார்கழியில் செந்நிறத் தளிர் தோன்றும்போது கமக்காரர் தோட்டத்துக்குள் இருத்தல் வேண்டும். அப்போதே தேயிலை நுளம்பு எனப்படும் பூச்சியும் வருகின்றது. இது நுளம்பன்று. மெலிந்த உடலும் நீண்ட கால்களும் நுளம்பை ஒத்திருப்பதால் இப்பெயர் பெற்றது. காலையிலும் மாலையிலும் தளிரிலும், பூங்கொத்தின் காம்பிலும், பிஞ்சுக்கொட்டையிலும் அமர்ந்து சாற்றை உறிஞ்சும். உறிஞ்சும்போது அதன் உமிழ்நீர் உட்செல்வதால் அவ்விடம் முதலிற் பழுப்பாகி, பின்னர் கருகும். பல புள்ளிகள் ஒன்றுசேரின் தளிரின் நுனியே காய்ந்துபோகும். முகில் மூடிய நாட்களில் இது விரைந்து பெருகும். தீப்பட்டதுபோல் பூக்கள் கருகிய தோட்டங்களைக் கண்டு பனி எரித்துவிட்டது என்று பலர் கூறுவர். பெரும்பாலும் அது இப்பூச்சியின் வேலையேயாகும்.

தளிர்க்காலத்தில் வாரம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு மரங்களின் நுனிகளைப் பார்த்து, கரும்புள்ளிகள் உள்ளனவா என்று கவனிக்க. அங்கொன்று இங்கொன்றாக இருப்பின் மருந்து வேண்டியதில்லை. பரவத் தொடங்கியதாயின், பதிவு செய்யப்பட்ட பீடைகொல்லிகளுள் அக்காலத்தில் எது சிபார்சு செய்யப்படுகின்றதென்று போதனாசிரியரைக் கேட்டு, குறித்த அளவிலேயே தெளித்தல் வேண்டும். தளிர்விடும்போது ஒருமுறை, பூங்கொத்து எழும்போது ஒருமுறை, பிஞ்சு பிடிக்கும்போது ஒருமுறை என்பது பொதுவான முறை. மூன்றும் எப்போதும் தேவைப்படுவதில்லை. வேம்பிலும் கொய்யாவிலும் இப்பூச்சி வாழுமாதலால் தோட்டத்தருகே அவை நிற்பின் அவற்றையும் பார்த்தல் நன்று.

பூத்த மரத்துக்குக் காலையில் மருந்து தெளித்தல் ஆகாது. ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருப்பினும் அவற்றுட் பெரும்பாலானவை ஆண்பூக்கள். கொட்டை தரக்கூடியவை சிலவே. அவையும் நண்பகலுக்கு முன்னரே விரிகின்றன. அவற்றின் மகரந்தம் பசைத்தன்மை உடையதாதலால் காற்று அதனைக் கொண்டுசெல்வது அரிது. தேனீ, ஈ, எறும்பு ஆகியவையே கொண்டுசெல்லும். காலையில் தெளிக்கும் மருந்து தேயிலை நுளம்பைக் கொல்வதற்கு முன் தேனீயைக் கொன்றுவிடும். ஆகவே வெயில் சாய்ந்தபின் தெளிக்குக.

முசுறு எறும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறுதல் தகும். இலைகளைப் பின்னிக் கூடுகட்டும் இச்செவ்வெறும்பு கடிக்கின்றதென்பதற்காகப் பலர் கூட்டைப் பந்தத்தால் கொளுத்திவிடுகின்றனர். வட அவுஸ்திரேலியாவிலும் வியட்நாமிலும் நடந்த ஆராய்ச்சிகளில், முசுறு நிறைந்த மரமுந்திரிகை மரங்களில் தேயிலை நுளம்பின் சேதம் குறைந்திருக்கக் காணப்பட்டது. கொட்டையை மரத்திற் பறிக்காமல் நிலத்திற் பொறுக்குபவருக்கு மேலேயிருக்கும் எறும்பினால் வரும் தொல்லை அதிகமன்று.

கொட்டை பொறுக்கல்

பிஞ்சு பிடித்ததிலிருந்து கொட்டை முதிர ஏறக்குறைய இரண்டு மாதங்கள் செல்லும். இதில் கமக்காரரை ஏமாற்றும் ஒரு செய்தி உண்டு. மரமுந்திரிகையில் முதலில் பருப்பது கொட்டையேயாகும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் அது தன் முழு அளவை அடைந்து, பச்சை நிறத்துடன் பெரிதாகத் தோன்றும். அதன் பின்னரே உள்ளேயுள்ள பருப்பு திரண்டு இறுகும். கொட்டையோ சற்றுச் சுருங்கிச் சாம்பல் நிறமடையும். பழம் பருப்பது கடைசி இரு வாரங்களிலேயாகும். பச்சையாகப் பெருத்திருப்பதைக் கண்டு பறித்தால் கிடைப்பது தோலும் நீருமே. கறிக்கென்று பச்சைப் பருப்பை விற்பது வேறு. காய்ந்த கொட்டையாக விற்க எண்ணுபவர் பச்சையில் பறித்தல் கூடாது.

களவுக்கு அஞ்சியே பலர் முன்னதாகப் பறிக்கின்றனர். அவ்வச்சம் காரணமற்றதன்று. சிலர் மரத்தில் நிற்கும் பலனை வியாபாரிக்குக் குத்தகையாகக் கொடுத்துவிடுகின்றனர். குத்தகைக்காரருக்கு அவ்வாண்டின் கொட்டையுடன் உறவு முடிந்துவிடுகின்றது. கம்பினால் அடித்துக் கிளையை முறிப்பதும், பிஞ்சையும் முற்றலையும் ஒன்றாய் உதிர்ப்பதும் அவருக்கு நட்டமன்று. கொடுத்தே ஆகவேண்டிய நிலையிலுள்ளவர், மரத்தில் அடித்து உதிர்க்கக் கூடாதென்றும் விழுந்ததையே பொறுக்கவேண்டுமென்றும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுதல் வேண்டும். முற்றிய கொட்டை நான்கு கிலோவில் ஏறக்குறைய ஒரு கிலோ பருப்புக் கிடைக்கும். பச்சையில் பறித்தது கலந்திருப்பின் அவ்வளவு கிடையாது. வாங்குபவர் அதனை அறிந்தே சாக்கு முழுவதற்கும் விலையைக் குறைக்கின்றார்.

முதல் கொட்டை விழுவதற்கு முன்னர் மரத்தடியைச் செருக்கித் துப்புரவாக்குக. புல்லினுள் விழுந்த கொட்டையிற் கணிசமான பகுதி கண்ணுக்குத் தப்பிவிடும். நாள்தோறும், முடியாவிடின் ஒன்றுவிட்ட ஒருநாள், பொறுக்குதல் வேண்டும். மழை பெய்தால் ஒருநாளும் தாமதித்தல் கூடாது. ஈரமண்ணில் கிடந்த கொட்டை நிறம் மாறும், முளைக்கவும் தொடங்கும். வௌவால்கள் பழத்தைக் கொண்டுசென்று தின்று கொட்டையைப் போட்டுவிடுமாதலால், அயலிலுள்ள பெருமரங்களின் அடியிலும் ஒருமுறை பார்ப்பது வீணன்று.

கொட்டையைப் பழத்திலிருந்து முறுக்கிக் கழற்றுக. சதை ஒட்டியிருப்பின் பூஞ்சணம் பிடிக்கும். தோலிலுள்ள எண்ணெய் உடம்பிற் பட்டால் புண்ணாகும். பச்சைக் கொட்டையைக் கல்லில் உடைத்து விளையாடும் சிறுவர்களின் வாயும் கையும் வெந்துபோவதை எல்லாக் கிராமங்களிலும் காணலாம். உடைப்பவர்கள் கைகளில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்ளுதல் வேண்டும். பழம் ஒரு நாளில் அழுகிவிடுவதால் பெரும்பாலும் மரத்தடியிலேயே வீணாகின்றது. தோடம்பழத்தைவிடப் பலமடங்கு உயிர்ச்சத்து சீ உடைய பழம் இவ்வாறு அழிவது வருந்தத்தக்கது. துண்டங்களாக அரிந்து உப்புநீரில் அவித்தால் தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்புக் குறையும். பின்னர் பழப்பாகாகவோ வினாகிரியாகவோ ஆக்கலாம்.

பொறுக்கிய கொட்டையைச் சீமெந்துத் தரையிலோ பாயிலோ மெல்லியதாகப் பரப்பி, இடையிடையே கிளறி, இரண்டு மூன்று நாட்கள் வெயிலில் உலர்த்துக. நன்கு உலர்ந்ததைக் கையிலெடுத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் ஒலி கேட்கும். அன்றன்று பொறுக்கியதை அன்றன்றே உலர்த்தத் தொடங்குதல் வேண்டும். இரவில் வெளியே விடலாகாது. சாக்குகளை வெறுந்தரையில் வையாமல் பலகை அல்லது கட்டையின்மேல், சுவரிலிருந்து சற்று விலக்கி அடுக்குக.

ஒட்டுக்கட்டுவதற்கான அடிக்கன்றுகளை வளர்க்க விரும்புவோர், சுண்ணாம்புக்கோடு பெறாத மரங்களிலிருந்து நடுத்தர அளவுள்ள, கனமான கொட்டைகளைத் தெரிந்து தனியே வைத்தல் வேண்டும். ஊன்றுவதற்கு முன் அவற்றைத் தண்ணீரில் இடுக. மிதப்பவற்றை நீக்கிவிட்டு, அமிழ்ந்தவற்றையே விதைக்கப் பயன்படுத்துக.